பந்துக்குச் சட்டென்று எழுந்தவர், பொத்தானுக்கு ஏன் திணறுகிறார்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டதில் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் ஓராண்டாக எதை எடுத்தாலும் நேரமாகிறது. சட்டை போட்டு முடிக்கக் கால் மணி நேரம். கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. முகத்தில் சிரிப்பே காணோம். வயதானால் அப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். அம்மாவோ, "செய்துகொடுக்க ஆள் இருக்கிறது என்ற மிதப்பு" என்று பொரிகிறார். அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. போன வாரம் பேரன் உருட்டிய பந்து படிக்கட்டுப் பக்கம் ஓடியபோது, உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து நாலே எட்டில் போய்க் காலால் தடுத்தார். மருத்துவரிடம் அழைத்துப் போனாலும் அங்கே நன்றாகவே நடந்து காட்டுகிறார். நிஜமாகவே முடியாதவருக்கு அப்போது மட்டும் எப்படி முடிகிறது? இது நோயா, வயதா, சோம்பலா? எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சட்டைப் பொத்தானை நாங்களே போட்டுவிடலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த இடம் அந்தப் பந்துதான். அம்மாவின் சந்தேகம் வலுப்பதும் அங்கேதான், நோய் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் அங்கேதான். அப்பா நடிக்கவில்லை. பந்துக்கு எழுந்ததும் உண்மை, பொத்தானுக்குத் திணறுவதும் உண்மை.

நாம் அன்றாடம் செய்கிற அசைவுகளில் பெரும்பகுதியை நாம் நினைத்துச் செய்வதில்லை. நடக்கும்போது கை வீசுவது, கண் இமைப்பது, எச்சிலை விழுங்குவது, பேச்சுக்கு ஏற்ப முகம் மாறுவது, பொத்தானைத் துளையில் நுழைப்பது எல்லாம் பழக்கத்தின் ஓட்டத்தில் தாமாக நடந்துவிடுகின்றன. இந்த ஓட்டத்தை நடத்திக்கொடுப்பவை மூளையின் ஆழத்தில் இருக்கும் சில நரம்பணுத் திரள்கள். அவை ஒழுங்காக வேலை செய்ய டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் சிறு பகுதியிலிருந்து அது வருகிறது. பார்க்கின்சனில் அந்தப் பகுதியின் அணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. ஆகவே தசையில் வலு இருந்தும், செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தும், அசைவு தொடங்கத் தாமதமாகிறது, தொடங்கினாலும் சிறுத்துப்போகிறது.

ஓடுகிற பந்து வெளியிலிருந்து வருகிற தூண்டல். கண் பார்த்ததும் அசைவைக் கிளப்பிவிடுகிற வேறு நரம்புப் பாதைகள் மூளையில் உண்டு. அவை இந்த நோயில் அவ்வளவாகக் கெடுவதில்லை. பொத்தானுக்கு அப்படி எந்தத் தூண்டலும் இல்லை. அந்தக் கட்டளை உள்ளேயிருந்து கிளம்பி, ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தொடர வேண்டும். நாற்காலியை விட்டு எழவே சிரமப்பட்டவர்கள் தீ விபத்தின்போது எழுந்து ஓடிய குறிப்புகள் மருத்துவ ஏடுகளில் வெகுகாலமாக இருக்கின்றன. "வேண்டும்போது மட்டும் முடிகிறது" என்று குடும்பத்தார் சலித்துக்கொள்வதை என் அறையில் அடிக்கடி கேட்கிறேன். முடிவதும் முடியாததும் அவர் விருப்பத்தில் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருத்துவரின் அறையில் நன்றாக நடப்பதற்கும் இதேபோல் காரணம் உண்டு. "நடந்து காட்டுங்கள்" என்று ஒருவர் சொல்லி எதிரே நின்று பார்க்கும்போது, நோயாளி தன் கவனம் முழுவதையும் நடையில் வைக்கிறார். கவனம் வைத்து நடந்தால் பார்க்கின்சன் நோயாளியின் எட்டு நீளும். வீட்டில் யாரோடாவது பேசிக்கொண்டே, கையில் தம்ளரோடு, குளியலறைப் பக்கம் திரும்பும்போது அந்தக் கவனம் சிதறிவிடும். போதாததற்கு, வெளியே கிளம்புகிறோமே என்று மாத்திரையைச் சரியாகக் கொடுத்து, அது நன்றாக வேலை செய்கிற நேரத்தில்தான் பெரும்பாலோர் எங்களிடம் அழைத்து வருகிறார்கள். ஆக, மருத்துவர் பார்ப்பது அப்பாவின் நல்ல பத்து நிமிடத்தை. மிச்ச நேரத்தைப் பார்ப்பவர்கள் நீங்கள்தாம். நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

இனி, எதைப் பார்ப்பது?

மெதுவாகச் செய்கிறார் என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வயதானவர்களும் மெதுவாகத்தான் செய்வார்கள். பார்க்கின்சனின் மந்தத்துக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது போகப் போகச் சிறுத்து, தளர்ந்துவிடும். நாங்கள் செய்கிற சோதனை ஒன்றை வீட்டிலும் ஒருமுறை செய்து பார்க்கலாம். கட்டைவிரல் நுனியை ஆள்காட்டி விரல் நுனியால் தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் விரல்களை அகலமாக விரித்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக, பத்து முறை. முதல் மூன்று நான்கு தட்டு நன்றாகவே விழும். ஐந்தாவதில் இடைவெளி குறையும். ஏழாவதிலோ எட்டாவதிலோ விரல் பாதி வழியில் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி தொடரும். கடைசித் தட்டுகளில் இரண்டு விரல்களும் பிரிகின்றனவா என்பதே சந்தேகமாக இருக்கும். பிறகு மற்றக் கையில் செய்யச் சொல்லுங்கள். வலது கையில் தொடங்கிய நோய் என்பதால் வலது கையே அதிகம் தளரும். இடது கை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

வயதின் மந்தம் இப்படி இருக்காது. முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை ஒரே சீரான மெதுவாக, இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மூட்டு வலிக்காரர் முதல் தட்டிலேயே முகம் சுளிப்பார். வலி அசைவின் அளவைத் தொடக்கத்திலேயே குறைத்துவிடுகிறது. பக்கவாதத்தில் கையின் வலுவே போய்விடும். பார்க்கின்சனில் வலு அப்படிப் போவதில்லை. கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னால் அப்பா நன்றாகவே அழுத்துவார். அதனால்தான் சுற்றியிருப்பவர்களுக்கு இது மனமில்லாமை போலத் தெரிகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனையை நாள்தோறும் நடத்தி மதிப்பெண் போடாதீர்கள். இயக்கக் கோளாறு மருத்துவர்கள் இதற்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது உண்டு. அது எங்கள் வேலை. வீட்டுக்குள் பரீட்சை வைத்தால் அவர் உங்களைக் கண்டாலே கையை மடியில் மறைத்துக்கொள்வார். சும்மா இருக்கும்போது பார்த்தாலே போதுமான விவரம் கிடைக்கும்.

அவர் பல் துலக்குவதைப் பாருங்கள். தூரிகை இப்படியும் அப்படியும் போகிற தூரம் கொஞ்ச நேரத்தில் சுருங்கி, ஒரே இடத்தில் நின்றுவிடுகிறதா? நடக்கும்போது இடது கை வீசுகிறது, வலது கை உடம்போடு ஒட்டியே இருக்கிறதா? வீசாத கையின் தோள் நாளடைவில் இறுகி வலிக்கும். நடுக்கம் தெரியவரும் முன்பே தோள் வலிக்கென்று மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தவர்கள் உண்டு. திரும்பும்போது கவனியுங்கள்: நாம் இரண்டு மூன்று எட்டில் திரும்புவோம், அவர் தலை, தோள், இடுப்பு எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைத்துக்கொண்டு ஆறு ஏழு சின்ன எட்டு எடுக்கிறாரா? நாற்காலியிலிருந்து எழும்போது ஒருமுறை முயன்று, பின்னால் சாய்ந்து, மறுபடி முயல்கிறாரா? இரவில் புரண்டு படுக்க முடிகிறதா? இதைப் பார்க்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் தாமாகச் சொல்வதில்லை. பழைய காகிதங்களில் அவர் கையெழுத்து இருக்கும். அதை இன்றைய கையெழுத்தோடு ஒப்பிடுங்கள். கோடு போடாத தாளில் ஒரு நீண்ட வாக்கியம் எழுதினால், வரியின் முடிவுக்கு வரும்போது எழுத்து கடுகாகிவிடுவது இந்த நோயில் மிகவும் பழக்கமான காட்சி.

முகத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்களில் அதிக மனக்கசப்பை உண்டாக்குவது இதுதான். முகத்திலும் தசைகள்தாமே இருக்கின்றன. கைக்கு வந்த மந்தம் முகத்துக்கும் வரும். இமைப்பது குறைந்து, பார்வை வெறித்தது போலாகும். நாம் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் அவருக்குள் சிரிப்பு வந்திருக்கும். அது உதட்டுக்கு வந்துசேரும் முன் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். எதிரே இருப்பவருக்கோ, "இவருக்கு நம் பேச்சே பிடிக்கவில்லை" என்று தோன்றும். ஆகவே முகத்தைப் பார்த்து மனதை முடிவு செய்யாதீர்கள், வாயால் கேளுங்கள். அதே சமயம், மனச்சோர்வும் பார்க்கின்சனில் உண்மையாகவே அதிகம் வருகிறது. எதிலும் ஈடுபாடு காட்டாத நிலையும் வருகிறது. அதையும் நோயின் ஒரு பகுதியாகத்தான் பார்க்க வேண்டும், குணக்கேடாக அல்ல. தூக்கம் எப்படி, முன்பு பிடித்தவை இன்னும் பிடிக்கிறதா, "இனி என்ன இருக்கிறது" என்கிற மாதிரி பேசுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

கூப்பிட்டால் உடனே திரும்பாததும் இந்த வரிசையில்தான் வருகிறது. கேள்வி காதில் விழுந்து பதில் கிளம்ப அவருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் நாம் கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டால், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒருமுறை கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். குரல் தாழ்ந்திருந்தால், "சத்தமாகத்தானே பேசுகிறேன், உனக்குத்தான் காது கேட்கவில்லை" என்று அவர் சொல்லக்கூடும். அதுவும் அவர் நேர்மையாகச் சொல்வதுதான். தன் அசைவும் குரலும் எவ்வளவு பெரியவை என்று உள்ளே அளந்து சொல்கிற கணக்கே இந்த நோயில் தவறிவிடுகிறது. பாதி அளவு எட்டு அவருக்கு முழு எட்டாகத் தெரிகிறது. அதனால் பெரிதாக அசைவதையும் உரக்கப் பேசுவதையும் பயிற்சியாகவே கொடுக்கிற இயன்முறை சிகிச்சையும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன. நல்ல பலன் தருகின்றன. மருத்துவரிடம் கேட்டுப் பரிந்துரை வாங்குங்கள். உடற்பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

"நடுக்கம் அடங்கிவிட்டது, நோய் கட்டுக்குள் வந்துவிட்டது" என்று நீங்கள் நினைத்ததில் வியப்பில்லை. 1817இல் இந்த நோயை விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே நடுக்கத்தைத்தான் முன்னிறுத்தினார். ஆனால் இன்று நாங்கள் நோயை உறுதிசெய்வது மந்தத்தை வைத்துத்தான். பார்க்கின்சன் மற்றும் இயக்கக் கோளாறுகளுக்கான பன்னாட்டு மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்ட வரையறையின்படி, அசைவு மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு ஓய்வில் வரும் நடுக்கமோ, தசை இறுக்கமோ, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். நடுக்கமே இல்லாமல் இந்த நோயோடு வாழ்கிறவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் நடந்திருக்கக்கூடியது இதுதான்: ஒவ்வொரு முறையும் "நடுக்கம் எப்படி?" என்ற கேள்விக்கு "பரவாயில்லை" என்று பதில் சொல்லி, பழைய அளவு மாத்திரையோடு திரும்பியிருப்பீர்கள். நோய் இதற்குள் ஓராண்டு நகர்ந்திருக்கிறது. இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற லெவோடோபா மாத்திரைக்கு நன்றாக இணங்குகிற அறிகுறி என்றால் மந்தம்தான்; நடுக்கம்கூட அவ்வளவு நிச்சயமாக இணங்காது. அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றினால் கணிசமான முன்னேற்றம் வர வாய்ப்பிருக்கிறது.

அதற்கு அவருக்கு வேண்டிய விவரத்தை நீங்கள் கொண்டுபோக வேண்டும். அடுத்த முறை போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டுக் குறித்து வையுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், அந்த அரை மணியில் அப்பா சுறுசுறுப்பா, மந்தமா, அல்லது உடம்பு தானாக நெளிந்து ஆடியதா. கடைசியாகச் சொன்னது மருந்து அதிகமாகும்போது வரக்கூடிய அசைவு. பதற்றம் என்று அதைத் தவறாக எண்ணுகிறார்கள். லெவோடோபா விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். சில மணி நேரத்தில் தேயும். நோயின் தொடக்க ஆண்டுகளில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. பிறகு, அடுத்த மாத்திரைக்கு முன்னால் ஒரு மந்த நேரம் தலைகாட்டும். காலைச் சட்டை அந்த நேரத்தில் மாட்டிக்கொள்கிறதா என்று தாள் சொல்லிவிடும். புரதம் மிகுந்த உணவோடு சேர்த்து விழுங்கினால் சிலருக்கு மாத்திரை சரியாக ஏறாது. உணவுக்கு அரை மணி முன்பாக எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் அதுதான். மலச்சிக்கலும் மருந்தைத் தாமதப்படுத்தும். முடிந்தால் மிக மோசமான நேரத்தில் அவர் அனுமதியோடு ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போங்கள்: எழுவது, நடப்பது, திரும்புவது. நீங்கள் அரை மணி விளக்குவதைவிட அது மருத்துவருக்கு உதவும்.

மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடும் இறுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

மருந்து என்றதும் இன்னொன்று. அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், எப்போதாவது போடுகிறவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்குக் கொடுக்கிற சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கிற ஃப்ளுனரிசின், மனநோய்க்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால் போன்றவை டோபமினைத் தடுத்து மந்தத்தைக் கூட்டும். பார்க்கின்சன் இல்லாதவருக்கே அதைப் போன்ற நிலையை உண்டாக்கக்கூடியவை இவை. தலைசுற்றல் என்று வேறொரு மருத்துவரிடம் போய் வாங்கிய மாத்திரை மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நரம்பியல் மருத்துவருக்கு அது தெரியவே தெரியாது. தைராய்டு சுரப்புக் குறைவும் ஆளை மந்தமாக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உங்கள் அப்பாவுக்கு வந்தது ஓராண்டாக மெல்ல ஏறிய மந்தம். ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று எண்ணாதீர்கள். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடலில் நீர் வற்றுதல், விட்டுப்போன மாத்திரை, புதிதாகச் சேர்ந்த மருந்து, விழுந்து தலையில் பட்ட அடி இவற்றில் ஏதாவது இருக்கும். தாமதிக்காமல் காட்ட வேண்டும். ஒரு பக்கக் கைகால் சட்டென்று வலுவிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது, அந்தப் பந்து காட்டிய வழிதான்: வெளித் தூண்டலைக் கொடுப்பது. நடக்கும்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ணச் சொல்லலாம். நிலைவாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மேல் உடம்பு முன்னே வந்து கால் பின்தங்கி, விழுந்துவிடுவார். நிற்கட்டும். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதைத் தாண்டச் சொல்லுங்கள். அவர் நடக்கிறபோது முக்கியமான பேச்சை எடுக்காதீர்கள். "சீக்கிரம்" என்ற சொல் இந்த நோயில் எதிர்மாறாகத்தான் வேலை செய்கிறது. அவசரப்படுத்த அவசரப்படுத்த அசைவு இன்னும் இறுகும்.

அம்மாவை அடுத்த முறை கட்டாயம் கூட அழைத்துப் போங்கள். நாள் முழுவதும் காத்திருப்பவர் அவர். அந்தக் கோபத்தில் பாதி களைப்பாக இருக்கும். பந்து விஷயத்தை மருத்துவரிடம் அவரே சொல்லட்டும், பதிலையும் அவரே கேட்கட்டும். மகள் சொன்னால் "அப்பாவுக்குப் பரிந்து பேசுகிறாள்" என்றுதான் தோன்றும்.

பொத்தானுக்கு வருகிறேன். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்துக்குச் சட்டையைத் தள்ளிவையுங்கள். அப்போது அவரே போட்டுக்கொள்ளட்டும், கால் மணி ஆனாலும் சரி. நின்றுகொண்டு போட வேண்டாம், உட்கார்ந்து போடட்டும். அதிகம் தளர்ந்த வலது கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் போட முடியும் என்பதால் கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கட்டும். பெரிய பொத்தான் தைத்தாலும், பொத்தானுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை வைத்தாலும் பாதி வேலை குறையும். வெளியே கிளம்ப நேரமாகிவிட்ட நாளில், அல்லது அவர் மந்த நேரத்தில் மாட்டிக்கொண்ட நாளில், தாராளமாக நீங்களே போட்டுவிடலாம், "போட்டுவிடட்டுமா அப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குப் பத்து எண்ணிக் காத்திருந்து.